ஒரு மேடை, இரண்டு அவைகள்

பேச எழுகின்றவன் முதலில் அவையை அறிந்துகொள்ளல் வேண்டும் என்பது தமிழர் கண்ட பழைய முறை. திருவள்ளுவர் இதற்கென்றே 'அவையறிதல்' என ஓர் அதிகாரமும், அதனையடுத்து 'அவையஞ்சாமை' என மற்றோர் அதிகாரமும் வகுத்து வைத்தார். எதிரே இருப்போர் கற்றவரா, கல்லாதவரா, ஆவலோடு இருக்கின்றனரா, அலுத்துப் போயினரா என்பதை முகக்குறிப்பினால் உணர்ந்து, அதற்கேற்பச் சொல்லைச் சுருக்கியும் பெருக்கியும் பேசுவதே பேச்சாளனுக்கு அழகு.

ஆனால், அவையிற் பாதி கண்ணெதிரே கதிரைகளில் அமர்ந்திருக்க, மற்றப் பாதி 13,000 கிலோமீற்றருக்கும் அப்பால் தத்தம் வீட்டுக் கூடங்களில் அமர்ந்திருந்தால் எந்த அவையை அறிவது? எந்த முகத்தைப் பார்ப்பது? இரண்டு தோணியில் கால் வைத்தவன் கதை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆயினும் இன்று நம் நாட்டிலே திருமணம், நூல் வெளியீடு, பாடசாலைப் பழைய மாணவர் கூட்டம், அந்தியேட்டி நினைவுக் கூட்டம் என எதை எடுத்தாலும் இந்த இரண்டு தோணிகளிலும் கால் வைக்கவே வேண்டியிருக்கின்றது. வீட்டுக்கு ஒருவராவது கடல் கடந்து வாழும் காலம் இது. அவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் கூட்டுவது சபையிற் பாதியைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது போன்றதாகும்.

இந்த உண்மையை நாம் நூல் படித்து அறிந்துகொள்ளவில்லை. ஒரு தவறு செய்து, அதனால் ஒருவர் மனம் நோகக் கண்டு அறிந்துகொண்டோம். அதனை மறைக்காமற் கூறிவிட்டுப் பின்னர் விடயத்துக்கு வருவோம்.

ஏகமனதான தீர்மானம்

கடந்த ஆண்டு ஆடி மாதம், வலிகாமத்துக் கிராமம் ஒன்றின் வாசிகசாலையில் ஒரு நினைவுக் கூட்டம் நடைபெற்றது. நாற்பது ஆண்டுகளாக அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் ஒருவர் காலமாகி முப்பத்தொரு நாள் கழிந்திருந்தது. நாமும் அவரிடம் படித்தவர்களுள் ஒருவர் என்பதால் நினைவுரை ஆற்றும்படி எம்மைக் கேட்டிருந்தனர்.

மண்டபத்தில் ஏறக்குறையத் தொண்ணூறு பேர் கூடியிருந்தனர். மேசையின் ஓரத்திலே ஒரு மடிக்கணினி திறந்து வைக்கப்பட்டிருந்தது. அதன் வழியாக ரொறன்ரோ, இலண்டன், சிட்னி முதலிய நகரங்களிலிருந்து அறுபத்திரண்டு பேர் கூட்டத்திற் கலந்துகொண்டனர். அவர்களுள் ஆசிரியரின் ஒரே மகளும் ஒருவர். தந்தையாரின் இறுதிச் சடங்குக்கும் அவரால் வர இயலவில்லை. கூட்டம் மாலை 5 மணிக்கு ஆரம்பமாகியது. ரொறன்ரோவில் அப்பொழுது காலை 7.30 மணி. வேலைக்குப் போகாது விடுமுறை பெற்று, விடியற்காலையிலேயே குளித்து, தகப்பனார் படத்துக்கு விளக்கேற்றி வைத்துவிட்டு அவர் காத்திருந்தாராம். இதனை நாம் அறிந்தது மறுநாள்.

கூட்டம் தொடங்கியதும் ஒலிபெருக்கி ஊளையிட்டது. கணினியைக் கவனிக்க நின்ற இளைஞர் ஓடிச்சென்று அதன் ஓசையை முற்றாக அடக்கினார். ஊளை நின்றது, யாவரும் நிம்மதி அடைந்தனர். அடக்கிய ஓசையை மீண்டும் திறந்துவிட எவரும் எண்ணவில்லை. அந்தக் கணத்திலிருந்து அறுபத்திரண்டு பேரும் ஊமைகளாயினர்.

நாம் எழுந்தோம். மண்டபத்தைப் பார்த்துப் பேசினோம். சுவரில் மாட்டியிருந்த ஆசிரியர் படத்தைக் கையாற் சுட்டி, "இந்தச் சிரிப்பைப் பாருங்கள்" என்றோம். கரும்பலகையில் அவர் எழுதுவதுபோல் எழுதிக் காட்டினோம். ஒலிவாங்கியை விட்டு இரண்டடி விலகி நின்று, அவர் எம்மைக் கண்டித்த விதத்தை நடித்துக் காட்டினோம். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. எமக்கும் பெருமையாக இருந்தது. தூரத்தில் இருந்தவர்களுக்கோ எமது வலது தோளும், தெளிவற்ற ஓர் இரைச்சலும், காரணம் விளங்காத சிரிப்பொலியுமே கிடைத்தன.

முடிவிலே வாசிகசாலைத் தலைவர் எழுந்து, ஆசிரியருக்கு வாசிகசாலை முன்றிலில் ஒரு சிலை நிறுவ வேண்டும் எனப் பிரேரித்தார். ஒருவர் ஆமோதித்தார். "எல்லோருக்கும் சம்மதந்தானே?" என்று தலைவர் கேட்டார். மண்டபம் கைதட்டியது. காரியதரிசி குறிப்பேட்டிலே 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதினார். நன்றியுரை நிகழ்ந்தது, கணினி மூடப்பட்டது.

மறுநாட் காலை எமக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. ஆசிரியரின் மகள் பேசினார்.

"அண்ணை, நான் மூன்று தரம் கை உயர்த்தினனான். ஒருதரும் பார்க்கேல்லை."

நாம் என்ன சொல்வது என்று அறியாது நின்றோம்.

"ஐயாவுக்குச் சிலை வேண்டாமாம் அண்ணை. மோசம் போறதுக்கு முதல் கிழமை என்னோடை கதைக்கேக்கை சொன்னவர். தன்ரை புத்தகங்களை வாசிகசாலைக்குக் குடுக்கட்டாம். பொழுதுபட்ட பிறகும் பெடியள் இருந்து படிக்க லைற் போட்டுவிட்டால் போதுமாம். அதைச் சொல்லத்தான் இருந்தனான். அதுக்குள்ளை எல்லாரும் கை தட்டிப்போட்டினம்."

"தங்கச்சி, பிழை எங்கடை பக்கந்தான்" என்று மட்டும் எம்மாற் சொல்ல முடிந்தது.

அது உபசாரத்துக்குச் சொன்ன வார்த்தையன்று. கணினிக்கு மிக அருகில் இருந்தவர் நாமே. அதன் திரையிலே உயர்த்திய கையின் அடையாளம் எமது முழங்கைக்கு ஒரு முழம் தள்ளி மூன்று தரம் தோன்றியிருக்கின்றது. நாம் திரும்பிப் பார்க்கவில்லை. அறுபத்திரண்டு பேர் வாய் திறக்க வழியில்லாத கூட்டத்திலே நிறைவேறிய தீர்மானம் எவ்வாறு ஏகமனதாகும்?

இது புதிய பிரச்சினையா?

இந்தக் கேள்வி எம்மை உறுத்திக்கொண்டே இருந்தது. இதற்கு முன்னர் இத்தகைய கூட்டங்களை நடத்தியவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடத் தொடங்கினோம். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றோடு வந்த புதுமையே இது என்று எண்ணியிருந்த எமக்குப் பெரும் வியப்புக் காத்திருந்தது.

1881ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் நடைபெற்ற மின்சாரப் பொருட்காட்சியில் கிளெமோ ஆடேர் என்னும் பொறியியலாளர் ஒரு விந்தையைச் செய்து காட்டினார். இசை நாடக அரங்கின் மேடை விளிம்பிலே ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, கம்பிகள் மூலம் அந்த இசையைப் பொருட்காட்சி மண்டபத்துக்குக் கொணர்ந்தார். மக்கள் இரு செவிகளிலும் இரு கருவிகளை வைத்துக்கொண்டு, தாம் காணாத மேடையின் பாட்டைக் கேட்டனர். பாடகர் மேடையில் வலமிருந்து இடம் நடப்பதுகூடச் செவிக்குப் புலனாயிற்றாம். ஒரு மேடைக்கு இரண்டு அவைகள் அமைந்த கதை அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் அங்கே தூரத்து அவை கேட்டதேயன்றிப் பேசவில்லை.

தூரத்து அவை பேசவும் செய்த கூட்டம் 1916ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் திகதி அமெரிக்காவில் நடந்தது. அந்நாட்டு மின்பொறியியலாளர் கழகம் நியூயோர்க், பொஸ்ரன், பிலடெல்பியா, அற்லாண்டா, சிக்காகோ, டென்வர், சோல்ற் லேக் சிற்றி, சான் பிரான்சிஸ்கோ ஆகிய எட்டு நகரங்களில் ஒரே நேரத்தில் ஒரே கூட்டத்தைத் தொலைபேசி மூலம் நடத்தியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குபற்றினர். கழகத் தலைவர் ஜோன் கார்ட்டி நியூயோர்க்கில் இருந்து தலைமை வகித்தார். ஒவ்வொரு நகரமும் தன் பெயர் கூறி அழைக்கப்பட்டபோது குரல் கொடுத்தது. ஆசிரியர் இடாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவது போன்ற இந்தச் சிறு வழக்கத்திலே எத்துணை நுட்பம் அடங்கியிருக்கின்றது! பெயர் சொல்லி அழைத்து, மறுமொழி கேட்ட பின்னரே கூட்டம் நடந்தால், ஒரு நகரம் ஊமையாகிக் கிடப்பது உடனே தெரிந்துவிடுமல்லவா? எமது வாசிகசாலையிலே அன்று ரொறன்ரோவின் பெயரை ஒரு தரம் கூப்பிட்டிருந்தாற் போதுமே!

மற்றொரு நிகழ்ச்சி 1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதிக்குரியது. சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டிலே டக்ளஸ் ஏங்கல்பார்ட் என்பவர் ஏறக்குறைய ஆயிரம் பேர் முன்னிலையில், தொண்ணூறு நிமிடங்கள், தாம் அமைத்த கணினி முறையைச் செய்து காட்டினார். இன்று நாம் யாவரும் கையாளும் 'மவுஸ்' என்ற சுட்டுக் கருவியைப் பொதுமக்கள் கண்டது அன்றுதான். அந்தக் கணினி மண்டபத்தில் இருக்கவில்லை. ஏறக்குறைய 48 கிலோமீற்றர் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்தது. அங்கிருந்த தோழர்களின் முகங்கள் பெருந்திரையிலே தோன்ற, அவர் அவர்களோடு உரையாடினார். அவர் கலங்காமற் பேச முடிந்தமைக்குக் காரணம் மண்டபத்தின் பின்புறத்திலே இருந்தது. பில் இங்கிலிஷ் என்னும் உதவியாளர் அங்கே அமர்ந்து, எந்தக் காட்சி எப்பொழுது திரைக்கு வரவேண்டும் என்பதை இயக்கிக்கொண்டிருந்தார். மேடையில் நிற்பவன் ஒருவன், தூரத்தைக் காப்பவன் மற்றொருவன் என்ற வேலைப் பங்கீடு இதிலிருந்து விளங்குகின்றது.

எம் நெஞ்சை மிகவும் தொட்டது 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாத நிகழ்ச்சியே. பெருந்தொற்றுக் காலத்திலே பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மக்கள் சபை, 50 உறுப்பினர் வரையில் சபா மண்டபத்திலும், 120 பேர் வரையில் திரை மூலமும் கலந்துகொள்ளுமாறு ஓர் ஏற்பாட்டை அங்கீகரித்தது. ஏப்ரல் 22ஆம் திகதி பிரதமரிடம் வினா எழுப்பும் நேரம் அவ்வாறே நடைபெற்றது. அந்த ஏற்பாட்டின் உயிர்நிலை ஒரு கொள்கை: நேரில் வந்தவரும் திரையில் வந்தவரும் இயன்றவரை சமமாக நடத்தப்பட வேண்டும் என்பது. நேரில் இருப்பவர் வேண்டுமானால் எழுந்து நின்று முந்திக்கொள்ளலாம்; திரையில் இருப்பவருக்கு அது இயலாது. எனவே முன்கூட்டியே வகுத்த ஒழுங்கின்படி சபாநாயகர் பெயர் சொல்லி அழைத்தார்.

பழம்பெரும் பாராளுமன்றம் ஒன்று இதற்கென விதி செய்ய வேண்டியிருந்தது என்றால், எமது வாசிகசாலை விதியின்றி இடறியதில் வியப்பில்லை.

தடை எங்கே இருக்கின்றது?

மின்னியற் கருவிகளைத் திருத்தும் தொழில் செய்யும் எமது மருமகனை அழைத்துக்கொண்டு வாசிகசாலைக்குப் போனோம். அன்று நேர்ந்தவற்றுக்கெல்லாம் அவர் காரணம் கூறினார்.

முதலாவது, ஊளை. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை மீண்டும் ஒலிவாங்கியினுள் நுழைந்து, பெருக்கப்பட்டு, மறுபடியும் ஒலிபெருக்கி வழியாக வெளிவந்து சுற்றிச் சுற்றி வளர்வதே அந்த ஊளை. மண்டபத்தில் இருக்கும் வேறு எவரேனும் தமது கைப்பேசியிலும் அதே கூட்டத்தைத் திறந்து வைத்திருந்தால் இந்தச் சுழற்சி உடனே ஏற்படும். அன்று முன்வரிசையில் இருவர் அவ்வாறு வைத்திருந்தனர்! கணினியின் வாயை மூடுவது இதற்கு மருந்தன்று. மண்டபத்துக்குள் ஒரேயொரு கருவியே கேட்கவும் பேசவும் வேண்டும். ஏனையவை யாவும் வாயும் செவியும் மூடியிருக்க வேண்டும்.

இரண்டாவது, தூரம். ஓசையின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறைவது. ஒலிவாங்கியிலிருந்து ஒரு சாண் தொலைவில் நிற்பவர் நான்கு சாண் தொலைவுக்கு விலகினால், அதனை நேராக வந்தடையும் குரல் நான்கில் ஒரு பங்கன்று, பதினாறில் ஒரு பங்காகிவிடும். மண்டபத்துச் சுவர்களிற் பட்டுத் தெறிக்கும் ஓசை மட்டும் குறையாமல் நிற்கும். நேரில் இருப்பவருக்கு இரண்டு காதுகளும் கண்களும் உண்டு. வாயசைவைக் கண்டும் சொல்லைப் பிடித்துக்கொள்வார். தூரத்தில் இருப்பவருக்கு அந்த உதவி இல்லை. ஆகையாற் படம் மங்கினாலும் பாதகமில்லை, ஒலி மங்கக் கூடாது என்பதே முதல் விதி.

மூன்றாவது, தாமதம். இதுதான் எவரும் எண்ணிப் பாராதது. மனிதர் உரையாடும்பொழுது ஒருவர் நிறுத்தியதும் மற்றவர் தொடங்குவதற்கு இடையே செல்லும் நேரம் செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு அளவே என்பதைப் பத்து மொழிகளை ஆராய்ந்த அறிஞர்கள் 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கண்ணாடி இழைக்குள்ளே ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். 13,000 கிலோமீற்றர் செல்வதற்கே செக்கனில் பதினைந்தில் ஒரு பங்கு வேண்டும். இழை நேராகச் செல்வதில்லை. குரலைப் பொதி செய்து அனுப்பவும் அவிழ்க்கவும் மேலும் நேரம் வேண்டும். ஒரு வழித் தாமதம் செக்கனின் ஆயிரத்தில் 150 பங்குக்கு உட்பட்டிருத்தல் நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் அளவு வகுத்துள்ளது. அதற்கு மேற்பட்டால் என்ன நிகழும்? "எல்லோருக்கும் சம்மதந்தானே?" என்று இங்கே கேட்கின்றார். அந்தக் கேள்வி ரொறன்ரோவுக்குப் போய், அங்குள்ளவர் வாய் திறந்து, அந்த மறுமொழி இங்கு வருவதற்குள் மண்டபம் கைதட்டி முடித்துவிடுகின்றது. தூரத்தில் இருப்பவர் மந்தமானவர் அல்லர். அவருடைய சொல் வழியிலே வந்துகொண்டிருக்கின்றது. இங்குள்ளவர் பொறுத்திருக்கவில்லை என்பதே உண்மை.

பேசுவோர் கைக்கொள்ள வேண்டியவை

இவற்றை மனத்திற் கொண்டு, வாசிகசாலை அன்பர்களோடு கூடியிருந்து சில ஒழுங்குகளை வகுத்தோம். எமது வாசகர் இல்லங்களிலும் இவை பயன்படக்கூடும் என்பதால் ஈண்டுத் தருகின்றோம்.

தூரத்து அவைக்கென ஒருவர் தனியே நியமிக்கப்பட வேண்டும். தேநீர் கொடுப்பது, கதிரை அடுக்குவது முதலிய வேறு எந்த வேலையும் அவருக்கு இருத்தலாகாது. வில்லுப்பாட்டிலே 'ஆமாம்' போடுகின்றவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பக்கத்தில் இருந்து, பாடகர் மறந்த கேள்வியைத் தாம் கேட்டு, கதையை நடத்திச் செல்கின்றார் அல்லவா? அதுபோல், "ஐயா, இலண்டனில் ஒருவர் கை உயர்த்தியிருக்கின்றார்" என்று பேச்சை இடைமறித்துச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும்.

பேச்சாளர் தாம் காட்டுகின்ற எதனையும் வாயாலும் சொல்ல வேண்டும். கோயில் தேர்த் திருவிழாக்களின் நேர்முக வருணனையை வானொலியிற் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இலங்கையிலே 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. அன்றுமுதல் அறிவிப்பாளர்கள் வளர்த்தெடுத்த கலை, காணாதவனுக்குக் காட்டும் கலையாகும். "இதோ பாருங்கள்" என்பதற்குப் பதிலாக, "சுவரில் இருக்கும் படத்திலே ஆசிரியர் வெள்ளை வேட்டியோடு, குடையை மடித்துப் பிடித்தபடி சிரிக்கின்றார்" என்று சொன்னால், மண்டபத்தில் இருப்பவருக்கு நட்டமில்லை. தூரத்தில் இருப்பவருக்கோ பெரும் லாபம். கரும்பலகையில் எழுதுவதையும் வாசித்தே எழுதுக. அச்சிட்ட தாள் கொடுப்பதானால் முதல் நாளே அதன் பிரதியை அவர்களுக்கும் அனுப்பிவிடுக.

கமெராவைப் பேசுபவரின் கண் மட்டத்திலே வைக்க வேண்டும். பேசுபவருக்குப் பின்னால் யன்னல் திறந்திருந்தால் முகம் கருநிழலாகிவிடும். ஆகையால் வெளிச்சம் முகத்தில் விழுமாறு நிற்க வேண்டும். சபையில் ஒரு மூலையை நோக்கிப் பேசிவிட்டு மறுமூலைக்குத் திரும்புவது பேச்சாளர் வழக்கம். கமெராவையும் அத்தகைய ஒரு மூலையாகக் கருதி, இடையிடையே அதன் கண்ணையே நேராக நோக்குக. ரொறன்ரோவில் இருப்பவருக்கு நீங்கள் தம்மைப் பார்த்ததாகத் தோன்றுவது அப்பொழுது மட்டுமே.

திரை சபையை நோக்கியிருத்தல் வேண்டும். தூரத்து முகங்களை மண்டபம் காணாவிட்டால், அவர்கள் இருப்பதை மண்டபம் மறந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிக்கு எவரும் இலை போடுவதில்லை.

மண்டபத்தில் எவரேனும் கேள்வி கேட்டால் ஒலிவாங்கியைப் பிடித்தே கேட்க வேண்டும். அல்லது பேச்சாளர் அந்தக் கேள்வியை மீண்டும் சொல்லிவிட்டு மறுமொழி கூற வேண்டும். கேள்வி நேரத்தில் முதல் வாய்ப்பைத் தூரத்தவருக்கே கொடுக்க வேண்டும். அழைத்த பின்னர் மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

நேரத்தைத் தெரிவு செய்வதிலும் நீதி வேண்டும். கோடை காலத்தில் இங்கு மாலை 5 மணி என்றால் இலண்டனில் நண்பகல் 12.30, சிட்னியில் இரவு 9.30. எல்லோருக்கும் வாய்ப்பான நேரம் என்று ஒன்று இல்லை. ஆகவே நித்திரை விழித்திருப்போரை முதலிற் பேச விடுவதே முறை. மின்சாரம் தடைப்படும் என்று எதிர்பார்த்து, மின்கலம் நிறைத்த கைப்பேசி ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பதும், அரை மணி நேரம் முன்னதாக வெளிநாட்டு அன்பர் ஒருவரை அழைத்து ஒத்திகை பார்ப்பதும் செலவில்லாத காவல்கள்.

கருவிகளுக்காகப் பெரும் பணம் செலவிட வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இருந்த மடிக்கணினியோடு, கழுத்துப் பட்டியிற் செருகும் சிறிய ஒலிவாங்கி ஒன்றும், இரவலாகப் பெற்ற பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றுமே எமக்குத் தேவைப்பட்டன.

மறுபடியும் கூடிய அவை

புரட்டாதி மாதத்தில் வாசிகசாலையின் விசேட கூட்டம் கூடியது. ஆசிரியரின் மகள் சொன்னதை நாம் தலைவரிடம் தெரிவித்தபோது அவர் முகம் சுருங்கியது. சிலைக்கென்று சிற்பியிடம் 25,000 ரூபா முற்பணம் கொடுத்தாகிவிட்டது. "முடிந்த காரியத்தைக் கிளறுவதா?" என்று சிலர் முணுமுணுத்தனர். ஆயினும், "அந்தப் பிள்ளையின்ரை வாயாலை ஒருக்காக் கேப்பம்" என்று தலைவர் இசைந்தார். அவரும் ஆசிரியரிடம் படித்தவரே.

கூட்டத்தின் தொடக்கத்திலே, 1916ஆம் ஆண்டின் பொறியியலாளர் செய்ததுபோல், ஊர்ப் பெயர்களைக் கூப்பிட்டோம். "சிட்னி?" "இருக்கிறோம்." "இலண்டன்?" "கேட்கிறது." "ரொறன்ரோ?" ஒரு கணம் மௌனம். நாம் மனத்துக்குள் எண்ணினோம். ஒன்று, இரண்டு, மூன்று. "இருக்கிறன் அண்ணை" என்ற குரல் மண்டபம் முழுவதும் தெளிவாகக் கேட்டது. முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் திரையைப் பார்த்து, "அங்கை பார், தேப்பன்ரை கண்ணும் நெற்றியும் அப்பிடியே" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

மகள் நான்கு நிமிடங்களே பேசினார். தந்தையார் தமது புத்தகங்களை எண்ணி எழுதிய கொப்பியைத் திரையிலே காட்டினார். சிறுவயதில் விளக்கெண்ணெய்க்கு வழியில்லாமல், கோயில் வாசல் விளக்கடியில் இருந்து தாம் படித்ததை அவர் இறுதி நாட்களிலே அடிக்கடி நினைவுகூர்ந்தார் என்று சொன்னார். "சிலையைப் பார்க்கிற நேரத்துக்குப் பிள்ளையள் ஒரு பக்கம் கூடப் படிக்கட்டும் எண்டவர்" என்று முடித்தார். மண்டபத்தில் ஓசையில்லை.

பின்னர் விவாதம் நடந்தது. சிற்பிக்குக் கொடுத்த முற்பணம் போனாற் போகட்டும், அந்த நட்டத்தைத் தாம் ஏற்பதாக இலண்டனில் இருந்த பழைய மாணவர் ஒருவர் முன்வந்தார். சிலை வேண்டும் என்று வாதாடியவர்களும் உளர். உருவத்தைக் கண்டாற்றான் அடுத்த தலைமுறை பெயரை நினைக்கும் என்று அவர்கள் கூறிய நியாயத்தையும் தள்ளிவிட முடியாது. முடிவில் வாக்கெடுப்பு நடந்தது. மண்டபத்தில் இருந்தவர்கள் கை உயர்த்தினர். திரையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கப்பட்டனர். அதற்கு இருபது நிமிடங்கள் சென்றன. ஒருவரும் எழுந்து போகவில்லை.

சிலையைக் கைவிட்டு, நூல்களுக்கு அலுமாரிகளும் மின்விளக்குகளும் அமைப்பது என்று முடிவாயிற்று. ஏழு பேர் எதிர்த்து வாக்களித்தனர். அவர்களுள் மூவர் திரையில் இருந்தவர்கள். இம்முறை காரியதரிசியால் 'ஏகமனதாக' என்று எழுத இயலவில்லை. 'பெரும்பான்மையால் நிறைவேறியது' என்றே எழுதினார். முதற் தீர்மானத்திலும் இதுவே மேலான தீர்மானம் என்பது எமது எண்ணம். அதிலே எதிர்த்தவர்களின் குரலும் கேட்டதல்லவா?

இப்பொழுது அந்த வாசிகசாலையிலே இரவு 9 மணி வரை விளக்கெரிகின்றது. நாம் அண்மையில் அவ்வழியே சென்றபோது பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ளே இருந்து படித்துக்கொண்டிருந்தனர். அலுமாரியின் மேல் ஆசிரியரின் படம் இருந்தது.

வாசகர்களே, அடுத்த முறை உங்கள் இல்லத்து மங்கல நிகழ்ச்சியிலோ துயர நிகழ்ச்சியிலோ ஒரு கைப்பேசியை மூலையிற் சாய்த்து வைத்துவிட்டு, "அவையளும் பார்க்கினந்தானே" என்று திருப்தி அடையுமுன், அந்தக் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவருக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கக்கூடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தரம் பெயர் சொல்லி அழையுங்கள். மறுமொழி வரும்வரை சற்றே பொறுத்திருங்கள்.